குரூப் ஹோம் விதிகள்: வரைவில் எது நிற்கும், எது கோர்ட்டில் விழும்?

மூலைமனை (கேள்வி)

வணக்கம். கலிபோர்னியாவில் ஒரு நடுத்தர நகரத்தின் திட்டக் கமிஷன் முன்னால் குரூப் ஹோம்களுக்கான ஜோனிங் (எந்த நிலத்தில் எது வரலாம் என்ற விதி) வரைவு இருக்கிறது. தனிவீட்டு மண்டலத்தில் வரும் போதை மீட்பு வீடுகள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான வீடுகள், மனநலச் சிகிச்சைக்குப் பின் தங்கும் வீடுகள் எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்தில் அடக்கப் பார்க்கிறார்கள். சுருக்கமாகப் பிரிவுகள் இவை:

அ) ரத்த உறவோ திருமண உறவோ இல்லாத 5 பேருக்கு மேல் ஒரு வீட்டில் தங்கினால் கண்டிஷனல் யூஸ் பர்மிட் (நிபந்தனையோடு கூடிய தனி அனுமதி) வேண்டும்.
ஆ) இரண்டு குரூப் ஹோம்களுக்கு நடுவே குறைந்தது 1,000 அடி இடைவெளி.
இ) 300 அடிக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு முன்னறிவிப்பு, அதன்பின் பொது விசாரணை.
ஈ) எல்லாக் குரூப் ஹோமிலும் ஸ்பிரிங்க்லர் (தீ வந்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு), வணிகக் கட்டடத் தரத்தில் ஃபயர் அலாரம்.
உ) ஒரு வருடத்தில் 4 தடவைக்கு மேல் 911 (அவசர உதவி எண்) அழைப்பு போன வீட்டின் பர்மிட் ரத்து.

மக்களின் புகார்கள் உண்மையானவை: பார்க்கிங், விடிகாலையில் ஷிப்ட் மாறும்போது சத்தம், ஒரே தெருவில் மூன்று நான்கு வீடுகள், கராஜில் போட்ட கட்டில்கள். இதையெல்லாம் ஒழுங்குபடுத்த நகரத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? ஐந்து பிரிவில் எது தேறும்? "வழக்கறிஞரைக் கேளுங்கள்" என்பது தெரிந்ததுதான். அவரிடம் போகும் முன் வரைவைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் நல்லது.

---

சட்டக்குறிப்பு

கடினமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியிருக்கும்படியே பார்த்தால் ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் ஐந்துக்கும் பின்னால் இருக்கும் குறைகளில் பாதிக்கு மேல் வேறு வழியில் தீர்க்கலாம்.

அடிப்படை 1968-இன் ஃபேர் ஹவுசிங் சட்டம். 1988-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறனாளிகளையும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளிதான். தற்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பாதி வாக்குவாதம் இந்த ஒரு வரி தெரியாததால் நடக்கிறது. அதேபோல், சிறையிலிருந்து வந்தவர்களுக்கான வீடு என்பதற்காக மட்டும் ஒரு வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு வராது. குடியிருப்பவர்களின் நிலைதான் கணக்கு, வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை அல்ல.

நகரத்தின் மேல் வழக்கு மூன்று வழியில் வரும்: வேண்டுமென்றே பாகுபாடு காட்டியது, பொதுவான விதியாக இருந்தாலும் விளைவு ஒரு பிரிவினர் மேலேயே விழுவது, நியாயமான விதிவிலக்கு கேட்டபோது மறுத்தது. தோற்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணத்தையும் நகரம் கட்டவேண்டி வரலாம். பல நகரங்களுக்கு வலித்தது இழப்பீட்டுத் தொகையைவிட இந்தக் கட்டணம்தான்.

இனி பிரிவு பிரிவாக.

அ) இது கலிபோர்னியாவில் 1980-லேயே முடிந்த கதை. சான்டா பார்பரா நகரம் உறவில்லாதவர்கள் 5 பேருக்கு மேல் கூடாது என்று விதி வைத்திருந்தது. ஒரு வீட்டில் 12 பெரியவர்கள் இருந்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் ஆடம்சன் வழக்கில், யாரோடு சேர்ந்து வாழ்வது என்பது மாநில அரசியலமைப்பு தரும் அந்தரங்க உரிமைக்குள் வருகிறது என்று சொல்லி அந்த விதியைத் தள்ளியது. நியூயார்க்கின் பெல் டெர் கிராமம் 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததைக் காட்டுவார்கள். அது மத்திய அரசியலமைப்பு பற்றிய தீர்ப்பு, இங்கே உதவாது.

மற்ற மாநிலத்தில் இருந்தாலும் 1995-இன் எட்மண்ட்ஸ் தீர்ப்பு குறுக்கே நிற்கும். வாஷிங்டன் மாநிலத்தில் அந்த நகரம் "குடும்பம் என்றால் உறவினர்கள், அல்லது உறவில்லாத 5 பேர் வரை" என்று வைத்திருந்தது. அங்கே ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்ற மீட்பு இல்லத்தில் 10 முதல் 12 பேர். ஆள் எண்ணிக்கை வரம்புகளுக்கு ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று நகரம் வாதாடியது. உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மறுத்தது: விலக்கு, ஒரு வீட்டில் யாராக இருந்தாலும் இத்தனை பேர்தான் என்று எல்லாருக்கும் பொருந்தும் விதிக்கு, உறவு முறையை வைத்து "குடும்பம்" எது என்று வரையறுக்கும் விதிக்கு அல்ல. உறவினர் என்றால் 15 பேர் இருக்கலாம், உறவில்லை என்றால் 6-ஆவது ஆள் குற்றம் என்பது நெரிசலைத் தடுக்கும் விதி ஆகாது.

இன்னொன்று. மாநில லைசென்ஸ் பெற்ற, 6 பேர் வரை தங்கும் பராமரிப்பு வீட்டையும் சிகிச்சை வீட்டையும் கலிபோர்னியா சட்டம் குடும்ப வீடாகவே கருதச் சொல்கிறது. பக்கத்துத் தனிவீட்டுக்குத் தேவைப்படாத எந்த பர்மிட்டையும் அதற்குக் கேட்க முடியாது. வரைவில் அந்த வகையை வெளிப்படையாக விலக்கி ஒரு வரி இல்லையென்றால் முதல் வாரமே கடிதம் வரும்.

இ) பொது விசாரணைதான் எனக்கு மிகவும் பயம் தரும் பிரிவு. மைக்கில் மூன்று மணி நேரம் பேசுவது அனைத்தும் பதிவாகும். "இந்த மாதிரி ஆட்கள் நம் தெருவில் வேண்டாம்" என்று பத்துப் பேர் சொல்லி, கவுன்சில் அப்படியே மறுத்தால், அந்த வெறுப்பு நகரத்தின் நோக்கமாகவே கோர்ட்டில் எடுத்துக்கொள்ளப்படும். டெக்சஸின் கிளீபர்ன் வழக்கு, 1985, இதற்குத்தான். அறிவுத்திறன் குறைபாடு உள்ள 13 பேருக்கான வீட்டுக்கு நகரம் சிறப்பு பர்மிட் கேட்டு மறுத்தது. சொன்ன காரணங்கள்: அக்கம்பக்கத்தாரின் அச்சம், எதிரே பள்ளி, அந்த மனை 500 ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வரலாம் என்று கணிக்கப்பட்ட பகுதியில் இருப்பது. அதே மனையில் முதியோர் பராமரிப்பு இல்லமோ மருத்துவமனையோ வந்திருந்தால் பர்மிட்டே வேண்டாம். வெள்ளம் ஆள் பார்த்தா வரும்? நீதிமன்றம் மறுப்பை ரத்து செய்தது.

முன்னறிவிப்பும் இதே வகை. மிச்சிகன் சட்டம் 1,500 அடிக்குள் இருப்பவர்களுக்கு அறிவிக்கச் சொன்னது. இடைவெளியும் 1,500 அடி. 1996-இல் லார்க்கின் வழக்கில் ஆறாவது சர்க்யூட் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) இரண்டையும் செல்லாததாக்கியது.

ஆ, ஈ, உ மூன்றுக்கும் மற்றவர்கள் வரட்டும்.

---

அளவுநாடா

ஈ பிரிவு என் பக்கம். தீப்பாதுகாப்பு என்று தலைப்புப் போட்டுவிட்டால் எதுவும் நிற்கும் என்று நகரங்கள் நினைக்கின்றன. ஒஹாயோவின் ஸ்டோ நகரம் அப்படி நினைத்துத்தான் 1992-இல் தோற்றது. அறிவுத்திறன் குறைபாடு உள்ள நான்கு பெண்கள் தங்கும் வீட்டுக்கு நீளமான தீப்பாதுகாப்புப் பட்டியல் கொடுத்தது. அவர்களுக்கு உண்மையில் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பட்டியல் கொடுத்தது தவறு என்றார்கள். பாதுகாப்பு விதி வைக்கலாம். அது அந்தக் குடியிருப்போரின் தேவையோடு ஒட்டியிருக்க வேண்டும்.

கேட்கவேண்டிய கேள்வி "இது குரூப் ஹோமா?" என்பது அல்ல, "தீ வந்தால் இவர்கள் தாமாக வெளியே வருவார்களா, எவ்வளவு நேரத்தில்?" என்பது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 101 விதி இதை மூன்றாகப் பிரிக்கிறது: 3 நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியேறினால் ஒரு வகை, 3 முதல் 13 நிமிடம் என்றால் இரண்டாவது, 13-ஐத் தாண்டினால் மூன்றாவது. பயிற்சி ஓட்டம் வைத்து, கடிகாரம் பிடித்து அளப்பது. மீட்பு இல்லத்தில் உள்ள திடகாத்திரமான எட்டுப் பேர் பெரும்பாலும் முதல் வகையில் வருவார்கள். படுக்கையில் இருக்கும் இரண்டு பேர் உள்ள வீடு மூன்றாவது வகைக்குப் போகலாம். இந்த உதாரணத்தில் ஆள் குறைவான வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். வரைவு இந்த வித்தியாசத்தையே பார்க்கவில்லை.

கலிபோர்னியாவில் லைசென்ஸ் வீடுகளுக்கு இதற்கு ஏற்கனவே வழி இருக்கிறது. லைசென்ஸ் தரும் துறை, எஸ்.டி.டி. 850 என்ற படிவத்தில் உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் கேட்கும். நடக்கக்கூடியவர், உதவியின்றி வெளியேற முடியாதவர், படுக்கையில் இருப்பவர் என்று தனித்தனி எண்ணிக்கை அதில் இருக்கும். நகரத்துக்குக் கிடைத்திருக்கும் நல்ல கதவு அது. புதிதாக ஒரு பிரிவு எழுதுவதைவிட அந்த ஆய்வைத் தாமதமில்லாமல் ஒழுங்காகச் செய்தாலே போதும்.

எண் குழப்பத்தையும் பாருங்கள். சர்வதேச மாதிரி பில்டிங் கோடு (கட்டட விதித்தொகுப்பு) பராமரிப்பு வீடுகளுக்கு 5 பேருக்கு மேல், 16 வரை என்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறது. என்.எஃப்.பி.ஏ. 101 நான்கு பேரிலிருந்து தொடங்குகிறது. கலிபோர்னியா எல்லையை 6-இல் வைக்கிறது. ஜோனிங்காரர்கள் ஒரு எண், பில்டிங் துறை ஒரு எண், தீயணைப்பு ஒரு எண் என்று வைத்துக்கொண்டால், ஒரே வீடு ஒரு மேசையில் தனிவீடு, அடுத்த மேசையில் நிறுவனம். வீட்டை இயக்குபவரின் வழக்கறிஞருக்கு இது பாயசம்.

தனிவீடு எதுவானாலும் ஆய்வில் பார்க்கவேண்டியவை இருக்கின்றன. பெரும்பாலான உயிர் ஆபத்து இங்கேதான்:

- தூங்கும் அறை ஜன்னல்: திறந்தால் கிடைக்கும் வழி குறைந்தது 5.7 சதுர அடி, தரை மட்டத்தில் 5. உயரம் 24 அங்குலம், அகலம் 20 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. 24-ஐயும் 20-ஐயும் பெருக்கினால் 3.3 சதுர அடிதான் வரும். இரண்டு குறைந்தபட்சத்தையும் மட்டும் பார்த்துவிட்டு "பாஸ்" போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.
- புகை அலாரம்: ஒவ்வொரு தூங்கும் அறையிலும், அறைக்கு வெளியே கூடத்திலும், ஒவ்வொரு மாடியிலும், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கவேண்டும்.
- அறைக் கதவில் உள்ளிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்கும் பூட்டு. இருந்தால் அன்றே கழற்றவேண்டும்.
- கராஜைப் பலகை வைத்து மறைத்துக் கட்டில் போட்டது. ஜன்னல் இல்லை, வாட்டர் ஹீட்டர் பக்கத்திலேயே, பர்மிட் இல்லை. இதற்குக் குரூப் ஹோம் சட்டம் எதுவும் தேவையில்லை. எந்த வீட்டில் இருந்தாலும் மீறல்தான்.

ஸ்பிரிங்க்லர் உண்மையாகவே தேவைப்படும் வீட்டில் என்.எஃப்.பி.ஏ.-வின் ஸ்பிரிங்க்லர் தரங்களில் 13-டி வகையா, 13-ஆர் வகையா என்று முதலில் தீர்மானியுங்கள். 13-டி தனிவீட்டுக்கானது, பொதுவாக 10 நிமிடத் தண்ணீர்க் கணக்கு. 13-ஆர் 30 நிமிடம். பழைய வீட்டில் தகராறு குழாயில் வராது, மீட்டரில் வரும்: முக்கால் அங்குல மீட்டர் போதாமல் ஒரு அங்குலத்துக்கு மாற்றவேண்டி வரும். தண்ணீர்த் துறையின் இணைப்புக் கட்டணத்தைச் சேர்க்காமல் போட்ட எஸ்டிமேட்டை நம்பவேண்டாம்.

நெரிசலுக்கு எல்லாருக்கும் பொதுவான சதுர அடிக் கணக்கு வையுங்கள். சர்வதேச கட்டடப் பராமரிப்பு விதித்தொகுப்பு ஒருவர் தூங்கும் அறைக்கு 70 சதுர அடி, பலர் தூங்கினால் தலைக்கு 50 என்கிறது. 180, 140, 120, 100 சதுர அடியில் நான்கு அறை இருந்தால் 3, 2, 2, 2. ஆக 9 பேர். யார் பெற்ற பிள்ளை என்று கேட்காத கணக்கு.

---

சட்டக்குறிப்பு

அளவுநாடா சொன்னதில் ஒரு திருத்தம். கலிபோர்னியாவில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே மாநில வீட்டுவசதிச் சட்டம் பின்பற்றுவது வேறு சூத்திரம்: 70 சதுர அடி அறையில் இருவர் வரை, இருவருக்கு மேல் ஒவ்வொருவருக்கும் 50 கூடுதல். நகரம் அதைவிடக் கடுமையான எண் வைக்கமுடியாது என்று 1992-இல் சான்டா ஆனா நகரத்துக்கு எதிரான மேல்முறையீட்டுத் தீர்ப்பு இருக்கிறது. அதே நான்கு அறைக்கு 4, 3, 3, 2. ஆக 12 பேர். அண்டை வீட்டாருக்கு இந்த எண் பிடிக்காது. ஆனால் 9 என்று எழுதினால் அதுவும் போகும்.

---

அளவுநாடா

ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது மாதிரி விதித்தொகுப்பு. கலிபோர்னியாவுக்கு 12-தான்.

---

மூன்றாம்தெரு

இதையெல்லாம் படித்தால் நகரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதுதான் போலிருக்கிறது. ஒரே தெருவில் ஐந்து வீடுகளை ஒரே கம்பெனி வாங்கி, ஒவ்வொன்றிலும் 6 பேர் வைத்து, சமையல் ஒரு வீட்டில், கூட்டம் ஒரு வீட்டில், வேன் நாள் முழுக்கச் சுற்றுகிறது என்றால் அது குடும்ப வீடா? 30 பேர் கொண்ட நிறுவனத்தை ஐந்து துண்டாக வெட்டியதுதானே? அங்கே தங்குபவர்களுக்கும் அது நல்லதில்லை. ஊருக்குள் சாதாரணத் தெருவில் சாதாரண மனிதர்களோடு வாழத்தானே இந்தச் சட்டமே வந்தது? தெரு முழுக்கக் குரூப் ஹோம் ஆனால் அது வெளியே தெரியாத ஆஸ்பத்திரி வார்டு. இடைவெளி விதியை இத்தனை எளிதாகக் கைவிடலாமா?

---

சட்டக்குறிப்பு

உங்கள் வாதம் பலமில்லாதது அல்ல. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கால் மைல் இடைவெளியை எட்டாவது சர்க்யூட் 1991-இல் ஏற்றுக்கொண்டது இந்த வாதத்தின் மேல்தான்: மனநல நோயாளிகளை மறுபடியும் ஒரே இடத்தில் குவிப்பது, நிறுவனங்களிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவந்த நோக்கத்துக்கே எதிர். ஆனால் பிறகு வந்த நீதிமன்றங்கள் பல அந்த வழியில் போகவில்லை. லார்க்கினை மேலே சொன்னேன். மில்வாக்கி 2,500 அடி வைத்திருந்தது; விதிவிலக்கு மறுத்ததற்காக 2002-இல் ஏழாவது சர்க்யூட்டில் தோற்றது.

கலிபோர்னியாவில் மாநிலமே ஒரு இடைவெளி வைத்திருக்கிறது: லைசென்ஸ் பெற்ற சில வகைப் பராமரிப்பு வீடுகளுக்கு நடுவே 300 அடி. அளப்பது வீட்டின் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு, மனை எல்லையிலிருந்து அல்ல. முதியோர் பராமரிப்பு வீடுகளுக்கு அது பொருந்தாது. போதை சிகிச்சை வீடுகள் வேறு சட்டத்தின் கீழ் வருவதால் அவற்றுக்கும் இல்லை. புகார் வந்தால் முதலில் எந்தச் சட்டத்தின் லைசென்ஸ் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். சமூக சேவைத் துறை கொடுத்ததா, சுகாதாரப் பராமரிப்புச் சேவைத் துறை கொடுத்ததா, லைசென்ஸே தேவையில்லாத மீட்பு வீடா? மூன்றுக்கும் மூன்று பதில்.

அருகருகே இரண்டு கலிபோர்னியா நகரங்களை ஒப்பிட்டால் பாடம் தெளிவாகும். நியூபோர்ட் பீச் 2008-இல் கொண்டுவந்த விதி, எழுத்தில் பொதுவாகத் தெரிந்தாலும் குரூப் ஹோம்களைக் குறிவைத்துச் செய்யப்பட்டது என்று நிரூபிக்க இடமிருக்கிறது என ஒன்பதாவது சர்க்யூட் 2013-இல் வழக்கை விசாரணைக்கு அனுப்பியது. கோஸ்டா மேசா 650 அடி இடைவெளி வைத்தது. ஆனால் அந்த விதியில், மாற்றுத்திறனாளிகளுக்கான குரூப் ஹோமுக்கு மற்ற போர்டிங் வீடுகளைவிடச் சலுகை இருந்தது. அங்கே ஒரு இயக்குபவர் தொடுத்த வழக்கில் ஜூரி நகரத்தின் பக்கம் நின்றது. 2024 டிசம்பரில் ஒன்பதாவது சர்க்யூட் அதை உறுதிசெய்தது. ஆனால் 650 என்பது மந்திர எண் அல்ல. அந்த நகரமும் வருடக்கணக்கில் வழக்காடித்தான் அங்கே வந்தது. 2023-இல் வேறொரு வழக்கில் அதே சர்க்யூட் அதற்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு குடியிருப்பவரின் நோயையும் தனித்தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, வீடு யாருக்காக நடத்தப்படுகிறது என்பதைக் காட்டினால் போதும் என்று.

ஆகவே ஆ பிரிவின் 1,000 அடியைச் சும்மா வைக்காதீர்கள். வைத்தே தீரவேண்டும் என்றால் மூன்று விஷயம் வேண்டும். உறவில்லாதவர்கள் கூடித் தங்கும் எல்லா வகை வீட்டுக்கும், மாணவர் வீடு, அறை வாடகை வீடு உட்பட, அது பொருந்தவேண்டும். உங்கள் ஊரில் உண்மையாகவே குவிந்திருப்பதைக் காட்டும் வரைபடம் கோப்பில் இருக்கவேண்டும். விதிவிலக்கு கேட்க எளிய வழி இருக்கவேண்டும். வார வாடகைக்கு 12 விருந்தினரை விடும் சுற்றுலா வீட்டுக்கு இரண்டு பக்கப் படிவம், 7 பேர் நிரந்தரமாக வாழும் வீட்டுக்கு விசாரணை என்று இருந்தால், உங்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு சாட்சியமே தேடவேண்டாம்.

ஐந்து வீடு ஒரே நிறுவனம் என்பதற்கு வேறு வழி இருக்கிறது: சேர்ந்து இயங்கும் வீடுகளை ஒரே அமைப்பாகக் கணக்கிடும் வரையறை. பொதுச் சமையல், பொது ஊழியர், ஒரே நிர்வாகம், குடியிருப்போர் ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சேவைக்காகப் போவது, இவை அளவுகோல். இடைவெளி எதையும் பார்க்காமல் அடியை மட்டும் அளக்கும். இது உண்மையில் நடப்பதைப் பார்க்கிறது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மாநில லைசென்ஸ் இருந்தால், அவற்றைச் சேர்த்து எண்ண நகரத்துக்கு அதிகாரம் உண்டா என்பது தனிச் சண்டை. முதலில் லைசென்ஸ் துறைக்கு ஆதாரத்தோடு எழுதுவது நல்லது.

---

கணக்குப்பிள்ளை

எல்லாரும் நிலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மோசமான வீடுகள் முளைப்பது காசு எங்கிருந்து வருகிறது என்பதால்.

பொய்யாக நடத்தப்படும் மீட்பு வீட்டில் வாடகை பெயருக்குத்தான். குறிப்பிட்ட ஒரு வெளிநோயாளி சிகிச்சை மையத்துக்குத் தினமும் போனால் படுக்கை இலவசம். மையம் இன்சூரன்ஸுக்கு பில் போடும். சிறுநீர்ப் பரிசோதனை தேவைக்கு மேல் அடிக்கடி, ஒவ்வொன்றுக்கும் தனி பில். மையம் வீட்டுக்காரருக்கு ஆளுக்கு இத்தனை என்று கொடுக்கும். இன்சூரன்ஸ் தீர்ந்த அன்று அந்த ஆள் பையோடு தெருவில். அவர் மறுபடி போதைக்குத் திரும்பினால் புதிய சேர்க்கை, புதிய பில். நோயாளி குணமாகாமல் இருப்பதில்தான் லாபம். தெருவாசிகள் பார்க்கும் ஆம்புலன்ஸும் நடைபாதையில் நிற்கும் சூட்கேஸும் இதன் கடைசிக் காட்சி.

ஜோனிங் இதைத் தொடாது. 1,000 அடி தள்ளி வைத்தாலும் அதே கமிஷன் ஓடும். தொடக்கூடியவை வேறு. 2018-இல் வந்த மத்தியச் சட்டம் மீட்பு வீடு, சிகிச்சை மையம், லேப் மூன்றிலும் ஆள் அனுப்பக் கமிஷன் வாங்குவதைக் குற்றமாக்கியது. புளோரிடாவில் சான்றிதழ் வாங்குவது விருப்பம்தான். ஆனால் 2016 ஜூலை 1 முதல் லைசென்ஸ் பெற்ற சிகிச்சை மையம் சான்றிதழ் இல்லாத மீட்பு வீட்டுக்கு ஆள் அனுப்பக்கூடாது என்று வைத்தார்கள். வீட்டைக் கட்டாயப்படுத்தாமல் காசு வரும் குழாயில் கை வைத்தது புத்திசாலித்தனம்.

நகரம் செய்யக்கூடியது: வெளியேற்றும்போது இரவில் தெருவில் விடாமல் தங்குமிடமோ பயணமோ ஏற்பாடு செய்யவேண்டும் என்று தன் நிதி பெறும் வீடுகளின் ஒப்பந்தத்தில் எழுதுவது, விளம்பரத்தில் "இலவசத் தங்கல், இலவச விமான டிக்கெட்" என்று வந்தால் நகலெடுத்து இன்சூரன்ஸ் மோசடிப் பிரிவுக்கு அனுப்புவது. லைசென்ஸ் இல்லாத வீட்டிலேயே நச்சு நீக்கச் சிகிச்சையோ குழு ஆலோசனையோ நடந்தால் அது மாநில மீறல். அதற்குச் சாட்சி வேண்டும்: விளம்பரம், கால அட்டவணை, பில். "உள்ளே ஏதோ நடக்கிறது" என்ற புகாரை வைத்துக் கதவைத் தட்டினால் உள்ளே விடமாட்டார்கள், விடவேண்டியதும் இல்லை. சம்மதம் இல்லாவிட்டால் நிர்வாக வாரண்ட் (ஆய்வுக்கு நீதிமன்றம் தரும் அனுமதி) வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1967 கமாரா தீர்ப்பிலிருந்து அதுதான் நிலை.

நல்ல வீடுகளையும் இதே தராசில் வைக்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் மாதிரி 1975-இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் தொடங்கியது. ஊழியர் கிடையாது, குடியிருப்போரே வாடகை பிரித்துக் கட்டுகிறார்கள், குடித்தவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றுகிறார்கள். கமிஷனுக்கு அங்கே இடமே இல்லை. 24 மணி நேர மேனேஜர் கட்டாயம் என்று நல்லெண்ணத்தில் எழுதும் பிரிவு முதலில் கொல்லுவது இந்த வீடுகளைத்தான்.

---

மூலைமனை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். 911 பிரிவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விதிவிலக்கு கேட்கும் வழியை எப்படி அமைப்பது?

---

சட்டக்குறிப்பு

911 பிரிவை எடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம். வலிப்பு வந்தவருக்கோ ஓவர்டோஸ் ஆனவருக்கோ ஆம்புலன்ஸ் கூப்பிடத் தயங்கவைக்கும் விதி அது. ஐந்தாவது அழைப்பில் பர்மிட் போகும் என்று தெரிந்தால் நான்காவதுக்குப் பிறகு யார் போன் எடுப்பார்கள்? வேண்டியது தொல்லை விதி என்றால், உறுதிசெய்யப்பட்ட மீறலை எண்ணுங்கள்: சத்தம், குப்பை, மறித்து நிறுத்திய வண்டி. எந்த வீட்டுக்கும் அதே எண்ணிக்கை. மருத்துவ அழைப்பு, உதவி கேட்ட அழைப்பு கணக்கில் வராது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

விதிவிலக்கு வழி: ஒரு பக்கப் படிவம் போதும். முகவரி, எந்த விதியிலிருந்து விலக்கு, ஏன் தேவை, எத்தனை பேர். மருத்துவப் பதிவேடு கேட்கக்கூடாது, குடியிருப்போர் பெயரும் வேண்டாம். கட்டணம் கிடையாது. முடிவெடுப்பது திட்டத்துறை அதிகாரி, விசாரணை மேடை அல்ல. 30 அல்லது 45 நாள் என்று கெடு; அதற்குள் பதில் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதும் எழுத்தில். மறுக்கக் காரணம் இரண்டுதான்: நகரத்துக்குத் தாங்கமுடியாத செலவோ நிர்வாகச் சுமையோ, அல்லது ஜோனிங் திட்டத்தின் அடிப்படையே மாறிப்போவது. இரண்டுக்கும் கணக்கோடு கூடிய காரணம் கோப்பில் வேண்டும். "அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு" இரண்டிலும் சேராது. முழுதாக மறுக்கும் முன் மாற்று யோசனை கேட்டு ஒரு கடிதமாவது போகட்டும். 12 பேர் முடியாதென்றால் 9 பேருக்குக் காரியம் நடக்குமா என்று.

கவுன்சிலர்களுக்கும் சொல்லிவையுங்கள்: வாட்ஸ்அப் குழுவில் போடும் வரியும் வழக்கில் ஆவணம்.

---

அளவுநாடா

பார்க்கிங்குக்கு ஒரு சின்ன யோசனை. "குரூப் ஹோமுக்கு இத்தனை இடம்" என்று எழுதவேண்டாம். பல மீட்பு வீடுகளில் குடியிருப்போரிடம் வண்டியே இருக்காது. தெருவை அடைப்பது ஊழியர் வண்டியும் வேனும்தான். தெரு முழுக்கப் பர்மிட் பார்க்கிங், வீட்டுக்கு இத்தனை ஸ்டிக்கர் என்று வைத்தால் ஐந்து டீனேஜர் இருக்கும் வீட்டுக்கும் அதே கணக்கு. ஷிப்ட் மாறும் நேரத்தைக் காலை 7-இலிருந்து 8-க்குத் தள்ளச் சொல்லி இயக்குபவரிடம் கேட்டால் பலர் சரி என்பார்கள். கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

---

மூலைமனை

திருத்திய உ பிரிவு இப்படி: "எந்தக் குடியிருப்பு வீட்டிலும் 12 மாதத்தில் உறுதிசெய்யப்பட்ட மூன்று மீறல்கள் இருந்தால், உரிமையாளர் 30 நாளில் திருத்தத் திட்டம் கொடுக்கவேண்டும். மருத்துவ, அவசர உதவி அழைப்புகள் மீறலாகக் கருதப்படமாட்டா." அ, இ இரண்டும் நீக்கம். ஈ இடத்தில் எல்லா வாடகை வீட்டுக்கும் புகை அலாரம், வெளியேறும் ஜன்னல் ஆய்வு. ஆ நிலுவையில்; வரைபடம் தயாரான பிறகு.

---

மூன்றாம்தெரு

"உரிமையாளர்" என்று மட்டும் போட்டால் வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் கம்பெனி தப்பித்துவிடும். "உரிமையாளர் அல்லது வீட்டை நடத்துபவர்" என்று போடுங்கள்.